காலேபின் கல்லீரல்

1
இந்தக் கதை ஒரு டிபன் பாக்ஸிலிருந்து பிறந்தது. எண்ணெய் இல்லாத புடலங்காய்க் கூட்டு, இரண்டு சப்பாத்தி. முடிச்சூரிலிருந்து தாம்பரத்துக்கு, காலேபின் வீட்டுக்கு, அவன் அண்ணி அபிகாயில் வாரம் மூன்று நாள் ஸ்கூட்டியில் கொண்டுவருகிறார். காலேபுக்குக் கல்லீரலில் கொழுப்பு என்று நம்புகிறார். அவனுக்கு ஒரு நோயும் இல்லை.

(முதலில் வேறு மாதிரித் தொடங்கினேன்: "ஐ.சி.யூ. வாசலில் மழை..." அன்று மழை பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.)

2
காலேபின் அண்ணன் ஜோனத்தானுக்குக் கல்லீரல் சுருங்கிப்போயிருந்தது. உயிரோடிருக்கும் ஒருவர் தன்னுடையதில் ஒரு பகுதியைக் கொடுத்தால் பிழைக்கலாம். கொடுத்தவருக்குச் சில மாதங்களில் வளர்ந்துவிடும். அண்ணியின் ரத்த வகை சேரவில்லை. காலேபுக்கு எல்லாம் சேர்ந்தது.

டாக்டர் அவனைத் தனியாக உட்காரவைத்தார்.

"கொடுக்கறவருக்கும் ரிஸ்க் இருக்கு. அபூர்வமா உயிரே போகலாம். இஷ்டம் இல்லைன்னா சொல்லிடுங்க. 'இவரை டோனரா எடுக்க முடியாது'ன்னு மட்டும் வீட்டுல சொல்லுவோம். காரணம் இந்த ரூமைத் தாண்டாது."

"வேணாம் சார். பயமா இருக்கு."

நல்ல விதிதான் அது. யாரையும் கட்டாயப்படுத்தி அறுக்கக் கூடாது. விதியின் மேல் எனக்குக் கோபமில்லை.

டாக்டர் வெளியே வந்து அதை மட்டும் சொன்னதும் அண்ணி கேட்டார்: "ஃபேட்டி லிவரா தம்பி?"

காலேப் தலையை ஆட்டினான். அவ்வளவுதான் அவன் சொன்ன பொய்.

3
இவ்வளவு பெரிய கோழையை வாசகர் பொறுத்துக்கொள்வாரா? பயத்துக்கு நியாயம் வரட்டுமென்று அவனுக்கு ஒரு கைக்குழந்தை கொடுத்துப் பார்த்தேன். சரிப்படவில்லை. அவனுக்குக் குழந்தை கிடையாது, பயம் மட்டும்தான்.

சபையில் ஞாயிறுதோறும் அவன் கல்லீரலுக்கும் சேர்த்து ஜெபித்தார்கள். ஜெபக் குறிப்பில் ஜோனத்தானுக்கு அடுத்த பெயர் அவனுடையது. வேறு டோனர் கிடைக்கவில்லை. கடைசி வாரம் ஜோனத்தான் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"என்னை விடுடா. நீ உன் லிவரைப் பாத்துக்கோ."

(இதை நான் புனையவில்லை. இவ்வளவு கொடூரமாக எனக்குப் புனைய வராது.)

செவ்வாய்க்கிழமை அடக்கம். வியாழக்கிழமை முதல் டிபன் பாக்ஸ் வந்தது. "உங்களையாவது காப்பாத்தணும் தம்பி" என்றார் அண்ணி.

4
முடிவு ஒன்று: காலேப் உண்மையைச் சொல்கிறான். அண்ணி அவனை...

முடிவு இரண்டு: சொல்லவில்லை. கூட்டைச் சாப்பிடுகிறான். எட்டு மாதமாக இதுதான் நடக்கிறது. வெட்கமாக இருக்கிறது, பசியும் எடுக்கிறது.

நான் எழுதுவதையெல்லாம் அச்சுக்குப் போகும்முன் பிழை திருத்தித் தருபவர் ஒரு தமிழாசிரியை. கதையில் அவர் பெயரை மாற்றக் கை வரவில்லை. என் பெயரை மட்டும் மாற்றினேன்.

அண்ணி, மேலே "காலேப்" என்று இருக்கும் இடத்திலெல்லாம் என் பெயரைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். முடிவையும் நீங்களே எழுதுங்கள். பாக்ஸைக் கழுவி, இந்தத் தாள்களை அதற்குள் வைத்திருக்கிறேன்.