வாய் நிறையத் திருகாணிகள்

1

இந்தக் கதை என் வீட்டு வாசற்கதவில் பிறந்தது. பூட்டு அடம்பிடித்ததால் பூட்டுக்காரரை வரவழைத்தேன். கழற்றிய திருகாணிகளை உதடுகளுக்கிடையே கவ்விக்கொண்டுதான் அவர் வேலை செய்வார். கீழே வைத்தால் உருண்டு ஓடிவிடுமாம். அந்நேரத்தில் எதைக் கேட்டாலும் பதில் வராது. டீ குடிக்கிறீர்களா என்றால் புருவம் மட்டும் ஏறி இறங்கும். (இந்த உத்தியை என் வகுப்பறைக்குள் கொண்டுபோயிருந்தால்... வேண்டாம், கதைக்கு வருவோம்.)

கடைசித் திருகாணியும் வாயை விட்டு இறங்கிய பிறகே பேசினார்.

"ஊர்ப் பூட்டையெல்லாம் தொறக்கறேன் சார். என் வீட்டுக்குள்ள இருக்கிற ஒரு ஆள வெளிய அனுப்பத் தெரியல."

அவருடைய சொந்த வீட்டின் கீழறையில் ஒரு தன்னம்பிக்கைப் பயிற்சியாளர் குடியிருக்கிறார். தனியாகக் கிடக்கிறோமே, பேச்சுத்துணைக்கு ஆகட்டும் என்று இவரே சேர்த்துக்கொண்ட ஆள். இப்போது பூட்டுக்காரரின் அக்கா இடுப்பெலும்பு அறுவை முடிந்து ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனையிலிருந்து வருகிறார். அவரால் படி ஏற முடியாது. அந்த வீட்டில் படி ஏறாமல் போய்ப் படுக்கக்கூடிய அறை அது ஒன்றுதான்.

2

எனக்கு நீதிக்கதைகள் மீது தீராத ஆசை. எனவே இப்படித் தொடங்கினேன்:

"ஓர் ஆற்றங்கரையில் ஓர் ஆமை வசித்தது. ஒருநாள் ஒரு தவளை வந்து, 'மழை விடும்வரை உன் ஓட்டுக்குள் ஒதுங்கிக்கொள்கிறேன், அண்ணே' என்று..."

இந்த வாக்கியத்தை முடிக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை. மறுநாள் பூட்டுக்கு எண்ணெய் விட வந்தவரிடம் படித்துக்காட்டியதுதான் காரணம்.

"ஏன் சார், என்னைப் பாத்தா ஆமை மாதிரியா இருக்கு?"

"ஓர் உவமைக்குத்தானே..."

"அந்தாளு தவளையும் இல்ல சார். தவளைன்னா கத்தும். இவரு கத்தவே மாட்டாரு. தேன் ஒழுகப் பேசுவாரு. வினையே அதுதான்."

ஆமையையும் தவளையையும் ஆற்றிலேயே விட்டுவிட்டேன். இனி மனிதர்கள்.

3

பூட்டுக்காரர் கதவைத் தட்டினார். வாசகம் மனப்பாடமாக இருந்தது: அக்கா வருகிறாள், அறை வேண்டும். கதவு திறந்தது.

"வாங்கண்ணே! ஒண்ணு கேக்கறேன், மனசத் தொட்டுச் சொல்லுங்க. நாம ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் நல்லதுதானே நெனைக்கறோம்?"

"ஆமா."

"நல்லது நெனைக்கறவங்க ஒருத்தர ஒருத்தர் வளர விடணும், இல்லையா?"

"ஆமா, ஆனா..."

"அந்த 'ஆனா'தாண்ணே உங்கள அமுக்கி வெச்சிருக்கு!"

கால் மணி நேரத்தில் பூட்டுக்காரர் வெளியே வந்தார். அக்கா வரும் சேதியைச் சொல்லியாயிற்று; அறை மட்டும் கிடைக்கவில்லை. கூடத்தையும் சனிக்கிழமை வகுப்புகளுக்குக் கொடுத்திருந்தார். அவருடைய பட்டறை மேசை கொல்லைப்புறம் போனது அப்படித்தான். குளியலறை காலை முழுவதும் கைவிட்டுப் போனதும் அப்படித்தான். முதல் 'ஆமா' கிடைத்தால் போதும், பயிற்சியாளர் அதைப் பிடித்துக்கொண்டு மாடிவரை ஏறிவிடுவார்.

(பயிற்சியாளரைக் கெட்டவராக எழுத மூன்று முறை முயன்றேன். முடியவில்லை. தாம் சொல்வதை அவர் உண்மையாகவே நம்புகிறார். போக இடமில்லாதவரும் அல்லர். அடுத்த தெருவில் சொந்தத் தம்பியின் வீடு, விருந்தினர் அறையோடு இருக்கிறது. தம்பிக்கு 'ஆமா' சொல்லும் பழக்கம் இல்லை என்பதுதான் குறை.)

4

கதைக்கு நான் யோசித்த முடிவு ஒன்று: பயிற்சியாளர் வெளியே போயிருக்கும்போது வாசற்பூட்டை மாற்றிவிடுவது. இதைச் சொன்னதும் பூட்டுக்காரர் முகம் கறுத்தது.

"திருடன் வரக்கூடாதுன்னுதான் சார் நான் பூட்டு போடறேன். குடியிருக்கிற ஆள வெளிய தள்ளிப் பூட்டினா, அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இன்னொருத்தர் வீட்டுக்குப் பூட்டு போடுவேன்?"

முடிவு இரண்டு: அறையைத் திறந்து, சாமான்களைக் கட்டித் தம்பி வீட்டுக்கு அனுப்புவது. இதற்கும் வழியில்லை. அந்த அறைக்குப் பூட்டு பொருத்தியவர் இவரேதான். தம் கைத்திறனைக் காட்ட, தாமே திறக்க முடியாதபடி செய்து, தொழில் தர்மப்படி எல்லாச் சாவிகளையும் பயிற்சியாளரிடம் எண்ணி ஒப்படைத்துவிட்டார். மறுசாவி வைத்துக்கொள்வது அவர் தொழிலில் பாவம்.

"பூட்டுக்காரனுக்குத்தான் சார் இந்தப் புத்தி வரும்" என்றார், சற்றுப் பெருமையாகவே.

5

ஆகவே இந்த முடிவு என்னுடையது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சனிக்கிழமை மதியம். நாளை அக்காவின் சக்கர நாற்காலி நுழைய வேண்டும். கீழறைக் கதவு, நிலையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அறைக்கதவு திறந்திருக்க, பயிற்சியாளர் உள்ளே கண்ணாடி முன் ஒத்திகை பார்க்கிறார். பூட்டுக்காரர் திருப்புளியோடு வாசலில் மண்டியிட்டு, மேற்கீலைக் கழற்றத் தொடங்குகிறார். முதல் திருகாணி வாய்க்குள் போகிறது.

"அண்ணே, என்ன பண்றீங்க? ஒண்ணு கேக்கறேன், மனசத் தொட்டுச் சொல்லுங்க. இது நம்ம உறவுக்கு அழகா?"

இரண்டாவது திருகாணி.

"நாம பேசித் தீத்துக்கலாம்தானே?"

மூன்றாவது. புருவம் ஏறி இறங்குகிறது.

"ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே!"

'ஆமா' சொல்ல வாய் திறக்க வேண்டும். திறந்தால் திருகாணிகள் உருண்டோடும். தொழிலில் இறங்கிய பிறகு அவர் ஒரு திருகாணியையும் கீழே விட்டதில்லை. கீழ்க்கீலும் கழல்கிறது. கதவை இரு கையாலும் தூக்கிச் சுவரில் சாய்க்கிறார். அதிலேயே மாட்டியிருந்த அந்த அருமையான பூட்டு இனி எதையும் பூட்டாது.

பயிற்சியாளர் நிலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். தேன் தீர்ந்துபோயிருக்கிறது. ஒருவரிடமிருந்து ஒரு சொல்கூட வராவிட்டால் அடுத்து என்ன சொல்வதென்று அவர் யாருக்கும் பயிற்சி கொடுத்ததில்லை.

கடைசியில், சாதாரணக் குரலில் கேட்கிறார்: "அக்கா நாளைக்குத்தானே வர்றாங்கண்ணே? நான் எப்பக் காலி பண்ணணும்?"

பூட்டுக்காரர் திருகாணிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைக்கிறார். வாய் இப்போது காலி.

இங்கே நான் எழுந்துகொள்கிறேன். பதிலை நீங்கள் சொல்லுங்கள், உங்களுக்குத் தெரியும். ஒரே ஒரு வேண்டுகோள்: ஒரு சொல்லோடு நிறுத்துங்கள். இரண்டாவது சொல்லைத் தொடங்கினீர்களானால் பயிற்சியாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். நாளை அக்கா வாசலில் காத்திருப்பார்.