ஞாயிற்றுக்கிழமைப் பாடம்

...வரட்டும், வந்து அந்த நாற்காலியிலேயே உட்காரட்டும், ஜன்னலுக்கு எதிரே அதை இழுத்துப் போட்டதே அவள்தான், வெளிச்சம் நேராக முகத்தில் அடிக்க வேண்டும், மனுஷன் கூனிக் குறுக வேண்டும்... தையல் மிஷினில் யார் வீட்டுத் திரைச்சீலையோ ஓடிக்கொண்டிருந்தது, கால் பாட்டுக்கு மிதித்தது, கண் வாசலிலேயே இருந்தது. கோர்ட்டில் என்ன சொன்னார்கள்? கவனக்குறைவாம். போனைப் பார்த்துக்கொண்டே கார் ஓட்டி, ரோட்டோரமாக நடந்து போன அவள் கணவனைத் தூக்கி எறிந்ததற்குப் பெயர் கவனக்குறைவு. லைசென்ஸைக் கொஞ்ச காலம் பிடுங்கி வைத்துவிட்டு, போய் வா ராசா என்று அனுப்பிவிட்டார்கள். அவள் விடுவாளா? கோர்ட் வாசலிலேயே மறித்தாள். கணக்கு வாத்தியாராமே நீங்க, வீட்டுக்கு வந்து என்ன பண்ணீங்கன்னு என் வீட்டுக்காரர்கிட்ட உங்க வாயாலேயே சொல்லுங்க. அந்த ஆளும் வந்தார், சொன்னார், அழுதார், தீர்ந்தது என்று போனார். மறு வாரமே போன் போட்டாள். அவருக்கு மறந்துபோச்சு சார், மறுபடி வாங்க. அப்போது அவர் மூச்சு விட்ட சத்தம் இருக்கிறதே... அன்று ராத்திரிதான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள். அடிபட்ட தலையில் கேட்டது எதுவும் கொஞ்ச நேரம்கூடத் தங்காது என்று டாக்டர் சொன்னபோது இடிந்துபோனவள்தான், அதுவே இப்படிக் கையில் கிடைத்த சாட்டையாகும் என்று யார் கண்டது? மண்டையில் ஏறாத பிள்ளைக்கு அதே பாடத்தைத் திரும்பத் திரும்ப நடத்துவதுதானே வாத்தியார் வேலை, நடத்தட்டும்.

மணி அடித்தது. கணவன்தான் முந்திக்கொண்டு போனான், வாங்க சார் வாங்க, உக்காருங்க, மூச்சு வாங்குதே, லிஃப்ட் ரிப்பேரா? லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன், எத்தனை மாடிக் கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டு வேலை பார்த்தவன், இப்போது குளியலறைக்கும் சமையலறைக்கும் நடுவில் வழி தெரியாமல் நிற்கிறான்... வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்தார், தொண்டையைச் செருமினார், ஆரம்பித்தார். சாயங்காலம், மழை தூறல், போன்ல ஒரு மெசேஜ்... என்ன இது, தடங்கலே இல்லாமல் வருகிறதே? முன்பெல்லாம் இந்த இடத்தில் குரல் உடையும், இப்போது வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஒப்பிக்கிறாரே, பழகிவிட்டதா, பாவி, உனக்கும் பழகிவிட்டதா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு என்ன செய்யலாம்? ஆஸ்பத்திரிப் படங்களைக் கையில் கொடுக்கலாமா, வாத்தியாருடைய பள்ளிக்கூட வாசலுக்கே கணவனைக் கூட்டிக்கொண்டு போகலாமா, எல்லாப் பிள்ளைகளும் பார்க்கட்டும்... அடுத்து கணவன் ஐயோ, யாருக்குங்க அடிபட்டுச்சு என்று கேட்க வேண்டும், வாத்தியார் உங்களுக்குத்தான் என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லுக்காகத்தான் அவள் வாரம் முழுக்கக் காத்திருப்பாள், அதைச் சொல்லும்போது அந்த முகம் போகிற போக்கைப் பார்க்க.

கேள்வி வரவில்லை. கணவன் பக்கம் திரும்பினாள். இத்தனை ஞாயிறுகளில் இந்த நேரத்தில் அவன் பக்கம் அவள் திரும்பியதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அடிபட்டது அவன்தான் என்று யாரும் இன்னும் சொல்லவில்லை, அதற்குள் அவன் கை தலையில் தழும்புப் பள்ளத்தைப் பொத்திக்கொண்டிருந்தது. பார்வை வாத்தியார் மேல் இல்லை, அவள் மேல் இருந்தது, அடிக்கப் போகிறவளைக் குழந்தை பார்க்குமே, அந்தப் பார்வை. ஏம்மா, எனக்கு ஏன் பயமா இருக்கு? என்றான். மறப்பான், மறப்பான் என்று தைரியமாக இருந்தாளே... சேதி மறந்தது, பயம் மறக்கவில்லையா? வாராவாரம் இவனைத்தான் ரோட்டில் தள்ளிக்கொண்டிருந்தாளா?

வாத்தியாரும் பாதியில் நிறுத்திவிட்டார். எழுந்து வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, வழக்கம்போலத் தலையைக் குனிந்தபடியே கேட்டார், அடுத்த வாரமும் வரணுங்களா? வேண்டாம், அந்த ஒரு சொல் போதும், நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்தக் குனிந்த கழுத்து, இஸ்திரி போட்ட சட்டை, நேராக வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடப் போகிற அந்த உடம்பு...

பின்ன, வராம? என்றாள்.

உள்ளே கணவன் யாரும்மா வந்துட்டுப் போறது என்று சிரித்தபடி கேட்டான். கை மட்டும் தலையை விட்டு இறங்கவில்லை.