கிரைண்டர்: மணிராஜ்

இருபது வருடம் கிட்டாரை அலறவிட்ட பிறகு, எங்கள் ‘சுழி’ ராக் குழு பழைய மின்னணு இசைக்கே திரும்பியது. ஆரம்பத்தில் எங்களிடம் இருந்தவை ஒரு கீபோர்டும் குழுவில் ஒருவனான நடராஜ் தன் கையால் ஈயம் பற்றவைத்துக் கட்டிய தாளப்பெட்டியும்தான். முக்கூடல் பக்கம் கோயில் கொடைத் திருவிழாக்களில் அவற்றோடுதான் வாசித்தோம். டிரம்ஸ் வாசிக்கும் மணிராஜ் பிறகு வந்தவன்.

புது ஆல்பம் முழுக்கத் தாளப்பெட்டி. மணிராஜுக்கு இடமில்லை. அவனிடம் சொல்லும் வேலை எனக்கு, சொன்னேன்.

“பொட்டி வாசிக்கும், நான் வேடிக்கை பாக்கணுமாக்கும்?”

ஆனாலும் பாளையங்கோட்டையில் நடராஜ் வீட்டு மாடிக்கு டிரம் குச்சிகளோடு தினமும் வந்தான். ஓரமாக உட்கார்ந்து முறுக்கு கடித்தான். அந்தச் சத்தமும் இரண்டு பாட்டுகளில் பதிவானது.

பதிவு சுத்தமாக இருக்கவேண்டும் என்று வீட்டில் மிக்ஸி, மோட்டார் எல்லாவற்றுக்கும் நடராஜ் தடை போட்டிருந்தான். தாளமும் சுத்தமாகத்தான் வந்தது. பிணத்துக்குச் சட்டை போட்ட மாதிரி இருந்தது.

“இதே பொட்டிக்குத்தானலே அன்னைக்கு சனம் அப்படி ஆடுச்சு?” என்று தலையைச் சொறிந்தான் நடராஜ்.

அன்று சாயங்காலம் பாட்டு நடுவே தாளம் தொய்ந்தது. மூச்சு வாங்கி மறுபடி எழுந்தது. மணிராஜின் கால் தானாக ஆடியது. கீழே நடராஜின் மனைவி சுகிர்தா கிரைண்டரைப் போட்டிருந்தாள்.

“போடாதேன்னு சொன்னேம்லா!” என்று கத்தினான் நடராஜ்.

“நாளைக்குத் தோசைக்கு உங்க பொட்டியவா சுட?”

மணிராஜ் துள்ளி எழுந்தான். “ஏலே, அவங்களைத் திட்டாத! கொடையில சீரியல் லைட்டைப் போட்டதும் ஜெனரேட்டர் திணறும்லா? அப்ப கரண்டு கொறைஞ்சு பொட்டி இப்படித்தான் இழுக்கும். ஆளு அதுக்குத்தான் ஆடும். நானே கூட்டத்துல நின்னு ஆடியிருக்கேன்.”

நீளமான வயரில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினான். “மைனி, கொஞ்சம் தள்ளுங்க.” சுவிட்சில் கை வைத்தான். பல்லவி முடிகிற இடத்தில் சரியாகப் போட்டான், சரணத்தில் அணைத்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. நடராஜ் முதல்முறையாகப் பதிவை நிறுத்தவில்லை.

நான்காவது தடவையில் பாட்டு அமைந்தது. சுகிர்தா மாவைத் தொட்டுப் பார்த்தாள். “அண்ணே, இனி ஒரு பாட்டுக்கு இந்த மாவு தாங்காது.”

மறுநாள் மணிராஜ் குச்சிகளைக் கொண்டுவரவில்லை. தூக்குவாளி நிறைய அரிசி ஊறப்போட்டு எடுத்து வந்தான்.