ஆராயி அக்கா போயிட்டாங்க

ஆராயி பிறந்தது 2009ஆம் வருடம் ஜூன் மாதம். பிறக்கும்போதே அவளுக்கு நாற்பத்தோரு வயது. நாமக்கல்லில் செங்கொண்டைத் தீவனக் கம்பெனியின் மாடி அறையில், பிரவீனா என்ற இருபத்து மூன்று வயதுப் பெண் பகல் சாப்பாட்டுக்கு முன்னால் கணினியில் தட்டி அவளைப் பெற்றாள். நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் கூடிப் பேச அப்போது இணையத்தில் ஒரு தளம் இருந்தது. குஞ்சுக்குச் சளி, முட்டை ஓடு மெலிசு, கீரி வந்துவிட்டது என்று ஆளாளுக்கு எழுதுவார்கள். தெரிந்தவர்கள் பதில் போடுவார்கள். கம்பெனிப் பெயரில் போனால் ஒருத்தரும் காது கொடுக்கமாட்டார்கள், தோட்டத்துக்காரி ஒருத்தி சொன்னால் கேட்பார்கள் என்பது மேலாளர் சிவக்குமாரின் யோசனை. ஆகவே சேந்தமங்கலத்தில் ஒரு ஓட்டு வீடு, இரண்டு ஏக்கர், முந்நூறு கோழி, ஒளிவுமறைவு தெரியாத வாய் என்று ஆராயியை எழுதினாள் பிரவீனா. பத்துப் பேச்சுக்கு ஒரு பேச்சில் செங்கொண்டைத் தீவனம் வந்தால் போதும் என்று உத்தரவு. மீதி ஒன்பதையும் அவள் மனதாரச் செய்தாள். கால்நடை மருத்துவரிடம் கேட்டு, புத்தகம் பார்த்து, தெரியாததைத் தெரியாது என்றே எழுதினாள்.

அதிலிருந்து மூன்றாம் மாதம் சேந்தமங்கலத்தில் அந்த ஓட்டு வீடு நிஜமாகவே நின்றது. கட்டியதை யாரும் பார்க்கவில்லை. தபால்காரர் முதலில் கவனித்தார், பிறகு மின்வாரியத்திலிருந்து வந்து மீட்டர் மாட்டிவிட்டுப் போனார்கள். பிரவீனா ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள். ஆராயி கத்தரிப்பூ நிறச் சேலை கட்டிக்கொண்டு கோழிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். சேலை நிறத்தைப் பிரவீனா எழுதியதே இல்லை. பயமும் பெருமையுமாக அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாள்.

2014இல் ஜனங்கள் ஒட்டுமொத்தமாக ஃபேஸ்புக்குக்குக் குடிபெயர்ந்தார்கள். பழைய தளத்தை மூடிய அன்று காலை அந்த வீடு சேந்தமங்கலத்தில் இல்லை. கோழி, கூண்டு, மீட்டர் சகிதம் மல்லசமுத்திரத்தில் இருந்தது. கிணறு மட்டும் வர மறுத்துவிட்டது. 2018இல் எல்லாரும் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனபோது வீடு ஓமலூர்ப் பக்கம் போனது. புதிதாக ஒரு பஸ் நிறுத்தம் வந்தால் எவ்வளவு பேசுவார்களோ, அவ்வளவுதான் அக்கம்பக்கத்தில் பேசினார்கள். குழுவிலிருந்த ஆயிரத்துச் சொச்சம் பேரில் நூறு பேராவது ஆராயியைப் போலவே மருந்துக் கம்பெனியும் இன்குபேட்டர் கம்பெனியும் எழுதிவிட்ட ஆட்கள். சலுகை விற்பனை முடிந்ததும் அவர்கள் காணாமல் போனார்கள்; அவர்களுக்கு எந்த ஊரிலும் வீடு முளைக்கவில்லை. இப்படியே வருடங்கள் ஓடி, பிரவீனாவுக்கு வயது முப்பத்தெட்டு ஆகியிருந்தது. சம்பளத்துக்குப் பார்த்த வேலையெல்லாம் மறந்து, ஆராயி ஒருத்திதான் தான் செய்த உருப்படியான காரியம் என்று அவள் நம்பினாள்.

2024 பங்குனியில், பிரவீனா எழுதாத ஒரு செய்தி ஆராயியின் எண்ணிலிருந்து குழுவுக்குப் போனது. "செங்கொண்டை மூட்டை இந்த மாசம் பூசணம் புடிச்சிருக்குதுங்க. ஆரும் கோழிக்குப் போட்றாதீங்க."

"இதை யாரும்மா எழுதச் சொன்னது?" என்று சிவக்குமார் கத்தினார்.

"நான் எழுதலைங்க சார்."

"பின்னே, அவளே எழுதிக்கிட்டாளா?"

"ஆமாங்க சார்."

அவர் குடோனுக்குப் போய் ஒரு மூட்டையைப் பிரித்து மோந்து பார்த்தார். மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்ப வந்து, இப்போதெல்லாம் முகம் காட்டிப் பேசுகிற வீடியோதான் எடுபடுகிறது, ஆராயி இனி வேண்டாம் என்றார். "நீ தூக்கலைன்னா வேற ஆளை விட்டுத் தூக்கிருவேன்."

தளம் மூடினாலே வீடு இடம் மாறுகிறது. ஆளையே தூக்கினால் என்ன ஆகும் என்று பிரவீனாவுக்குத் தெரிந்திருந்தது. கெஞ்சினாள், நடக்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவன் செய்வதைவிடப் பெற்ற கையே செய்யட்டும் என்று, பகல் பதினொரு மணிக்கு ஆராயியின் கணக்கை நீக்கும் பொத்தானை அழுத்திவிட்டுக் கழிவறைக்குள் போய் அழுதாள். குழுவில் 'ஆராயி வெளியேறினார்' என்று ஒரு சாம்பல் நிற வரி வந்தது. அதைப் பார்த்த மல்லசமுத்திரம் மணியன், "ஆராயி அக்கா போயிட்டாங்க" என்று எழுதினார். அவர் சொன்னது குழுவை விட்டு. ஆனால் குழுவை விட்டுப் போனாலும் உலகத்தை விட்டுப் போனாலும் நம் பேச்சில் ஒரே சொல்தான். பத்து நிமிடத்தில் நானூறு கும்பிடும் கண்ணீரும் குவிந்தன. மணியனே பதறிப் போய், தான் எழுதியதைத் தானே நம்பி, மாலை வாங்கிக்கொண்டு கிளம்பினார். மதியத்துக்குள் நாலு திசையிலிருந்தும் வேனும் டெம்போவும் ஓமலூரைப் பார்த்து ஓடின.

வெறும் நிலத்தைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்துத்தான் பிரவீனாவும் பஸ் ஏறினாள். வீடு இருந்தது. முன்னால் சாமியானா போட்டிருந்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருக்க, ஆராயி அத்தனை பேருக்கும் டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க போயிட்டீங்கன்னாங்களே" என்றார் மணியன், மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல்.

"எங்கீங்க போறது? நாளைக்கிக் குஞ்சு பொரிக்குதுங்க."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. யாரோ மாலையை வாங்கிக் கதவில் மாட்டினார்கள். ஆராயியின் கண் வேலியோரம் நின்றவள் மேல் விழுந்தது.

"நீ ஆரு சாமி?"

பதினைந்து வருடத்தையும் சொல்லிவிட, மன்னிப்புக் கேட்டுவிடப் பிரவீனாவுக்கு நெஞ்சு துடித்தது. "நானும் குரூப்புலதானுங்க இருந்தேன்" என்றுதான் வாயில் வந்தது.

"அப்பறம் ஏன் வெளியவே நிக்கற? ஊட்டுக்குள்ள வா. டம்ளரு பத்தல, அதையெல்லாம் கழுவிக் குடு."

பிரவீனா துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்தாள். சாமியானாவுக்குள் ஒருவர், பத்து நாள் குஞ்சு இறக்கையைத் தொங்கப் போட்டு நிற்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். ஆராயி நிதானமாகப் பதில் சொன்னாள். அந்தப் பதில் பிரவீனாவுக்குத் தெரியாது. குழாயை நிறுத்திவிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து அவளும் கேட்டுக்கொண்டாள்.