சலைன் ஊற்றிய குப்பி

காய்ச்சி வடித்த தண்ணீர் தரும் இயந்திரம் அன்று காலையில் மூச்சை நிறுத்திவிட்டது. பதினோரு வருஷமாக இந்த ஆய்வகத்தில் குடுவை கழுவுகிறேன், அதன் குணம் எனக்குத் தெரியாதா? தலைபோகிற வேலை இருக்கிற நாளாகப் பார்த்துத்தான் மக்கர் பண்ணும். மறுநாள் தீக்காய வார்டு சர்ஜன் வருவதாக இருந்தது. மேடம் ஒன்பது மணியிலிருந்தே குட்டிக் குப்பிகள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்குத் 'தோல் மேடம்' என்று பெயர் வைத்ததே நான்தான். ஜூஸ் கடைக்காரன் குப்பையில் கொட்டப்போகும் ஆரஞ்சுத் தோலைப் பை நிறைய வாங்கி வருவார். வந்த புதிதில், 'இது என்ன ஆராய்ச்சியா, மாட்டுத் தீவனமா?' என்று சிரித்தேன். தோலை வேகவைத்து வடிகட்டி, அந்தச் சாற்றில் வெள்ளி உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவார். அரை மணி நேரத்தில் வெளிர் மஞ்சள் மாறி, டீ டிகாக்‌ஷன் மாதிரி பழுப்பு ஏறும். கண்ணுக்கே தெரியாத வெள்ளித் துணுக்குகளாம், புண்ணில் கிருமியை அண்டவிடாதாம். பக்கத்து மேசைக்காரர்களும் அதே துணுக்கைத்தான் செய்கிறார்கள், ஆனால் காட்டமான ரசாயனம் போட்டு. அந்தக் குடுவைகளைக் கழுவினால் கையுறை போட்டும் என் விரல் வெடிக்கும். கழிவை எங்கே கொட்டுவது என்று வாரா வாரம் சண்டை வேறு. இவர் குடுவையைக் கழுவினால் கையில் ஆரஞ்சு மணக்கும். அந்த ஒரு காரணத்துக்காகவே இவர் ஜெயிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டவள் நான்.

ஒரே தொல்லை, இந்தத் துணுக்குகள் நாலு நாள் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு ஐந்தாம் நாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பழுப்பு போய்ச் சாம்பலாகி அடியில் படுத்துவிடும், அப்புறம் எதற்கும் உதவாது. சர்ஜன் கறாராகச் சொல்லியிருந்தார்: தொண்ணூறு நாள் படியாமல் நின்றால் என் வார்டுக்கு எடுத்துச் சோதிக்கிறேன் என்று. அவர் சரி சொன்னால்தான் மேடத்துக்கு வேலை நீடிக்கும், ஒப்பந்தம் முடிய மூன்றே மாதம் பாக்கி. மேடம் பக்குவத்தை மாற்றி மாற்றிப் பார்த்து, ஒருவழியாகப் படியாமல் நிற்கிற மாதிரி செய்து வைத்தார். அன்று அதற்கு எண்பத்தொன்பதாவது நாள். அலமாரியில் ஆறு பாட்டிலும் அப்படியே பழுப்பாக நின்றன.

தண்ணீர் இல்லை. குழாய்த் தண்ணீரில் கடைசி அலசல் கூடாது என்பது இங்கே பாலபாடம். யோசித்தேன். அடுத்த அறையில் உப்புத் தண்ணீர் சலைன் பாட்டில் இருந்தது. மனுஷன் நரம்பில் ஏற்றுவதை விடச் சுத்தமானது உலகத்தில் உண்டா? நம் மூளையே மூளை என்று மெச்சிக்கொண்டு குப்பிகளை அதில் அலசிக் கொடுத்தேன். கவிழ்த்து வடிய வைக்கவும் நேரமில்லை. அடியில் கொஞ்சம் நின்றதைப் பார்த்தும், இயந்திரம் நின்றது தெரியாத மேடம், வடித்த தண்ணீர்தானே என்று அதன் மேலேயே மருந்தை ஊற்றினார்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பு செத்துச் சாம்பலாயிற்று.

துறைத்தலைவர் ஓடி வந்தார். மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை. குப்பியின் அடியை முகர்ந்து பார்த்துவிட்டு மேடம் என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, இந்தக் குப்பியைக் கடைசியா எதுல அலசினீங்க?"

வழக்கமான தண்ணீர்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. வேலை போய்விடுமே! ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை.

"சலைன்ல மேடம். உடம்புல ஏத்துறதுதானே, சுத்தமா இருக்கும்னு..."

"அறிவிருக்கா உனக்கு?" என்று தலைவர் கத்தினார். உடனே மேடம் பக்கம் திரும்பிப் பெருமூச்சு விட்டார். "நல்லவேளை, மருந்துல கோளாறு இல்ல. வேற குப்பியில எடும்மா. இதை யார்கிட்டயும் சொல்ல வேணாம்."

மேடம் எழுந்திருக்கவே இல்லை. "சார், புண்ணுல கசியற தண்ணியிலயும் இதே உப்புதானே இருக்கு?"

"சர்ஜன் அதைக் கேக்கலையே. பாட்டில்ல தொண்ணூறு நாள் நிக்குதுல்ல?"

"பாட்டிலுக்கா சார் மருந்து செய்யறோம்?"

மறுநாள் சர்ஜன் ஆறு பாட்டிலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "பிரமாதம்" என்றார். அதோடு விட்டிருக்கலாம். இந்தப் புண்ணியவதி தானே ஒரு குப்பியில் மருந்தை எடுத்து, அவர் கண்ணெதிரில் அதில் சலைனை ஊற்றினார். தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாம்பல் நிறம் வந்ததும் சர்ஜன் பேனாவை மூடிப் பையில் செருகினார். "அப்ப என் வார்டுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். "கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருக்கக் கூடாதா மேடம்? மூணு மாச உழைப்பை இப்படி யாராவது தாங்களே கவுப்பாங்களா?"

"உள்ள மருந்து இருக்குன்னு நம்பி ஒருத்தர் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கிட்டுப் படுத்திருப்பாரு அக்கா. நமக்கு மட்டும் தெரியும், அங்க வெறும் சாம்பல்தான்னு." அவர் அழவில்லை. நான்தான் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

அன்று சாயங்காலமே பழைய நோட்டைப் புரட்ட ஆரம்பித்தார். அதுவரை தோலின் உள்பக்க வெள்ளையைச் சுரண்டி எறிந்துவிடுவோம், சாறு கலங்குகிறது என்று. சுரண்டிச் சுரண்டி என் நகம் தேய்ந்தது எனக்குத்தான் தெரியும். ஜாம் இறுகுவது அந்த வெள்ளையால்தான், அதே பசை துணுக்கைச் சுற்றி ஒரு உறை மாதிரி நின்றால் உப்பு நெருங்காதே என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டேன். நாற்பத்தொரு தடவை தோற்றார். குப்பியைக் கழுவினவள் நான், எண்ணிக்கை தப்பாது. ஒவ்வொரு தடவையும் சாம்பலைப் பார்த்துவிட்டு, "சரி, அடுத்தது" என்பார். இப்படி ஒரு மனுஷியை நான் பார்த்ததே இல்லை.

ஒப்பந்தம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது சர்ஜனை மறுபடி வரவழைத்தார். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார். மேசையில் ஒரே ஒரு குப்பி, அதில் பாதிவரை நாற்பத்திரண்டாவது மருந்து. மேடம் சலைன் பாட்டிலை என்னிடம் நீட்டினார்.

"நீங்க ஊத்துங்க அக்கா."

"ஐயோ, நானா?"

"மருந்துல இருந்த ஓட்டையைக் கண்டுபிடிச்சது இவங்கதான் டாக்டர்."

பாட்டிலை வாங்கிச் சாய்த்தேன். மேசையிலும் கொஞ்சம் சிந்தினேன். குப்பி கழுத்துவரை நிரம்பியது, நிறம் கொஞ்சம் வெளுத்ததே ஒழிய மாறவில்லை. ஒரு நிமிஷம். ஐந்து நிமிஷம். பழுப்பு பழுப்பாகவே இருந்தது.

"ஒரு மணி நேரமாவது நிக்கணும்" என்றார் சர்ஜன்.

"பார்க்கலாம் டாக்டர்" என்றார் மேடம்.

சர்ஜன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தார். மறுபடி குப்பிமேல் கண்ணை வைத்தபடியே இன்னொரு ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார்.