சிவப்புப் பொட்டு

வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் கடல்பவளம் வளர்ப்பவர்களின் டோலீடோ பவளத்தொட்டிக் கழகத்தில், பாசித் தொல்லை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கர்வத்தோடுதான் புது உறுப்பினர் மார்லிஸ் வீட்டுக்குப் போனேன். தொட்டிக்குள் பாறையெல்லாம் பச்சைக் கோலிக்குண்டுகள் ஒட்டியிருந்தன.

"குமிழ்ப்பாசி. உள்ளயே உடைச்சா வித்து பரவிடும். பாறைய வெளிய எடுத்துச் சுரண்டணும்," என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "கடையில வாங்கின பவளத்த மருந்துத் தண்ணியில முக்காமலே போட்டிருப்பீங்க. சோம்பேறித்தனம்!"

"கடைப் பவளம் எதுவும் வாங்கலையே, வெர்ன்."

மார்லிஸ் ஒரு பவளத்துண்டை வெளியே எடுத்தார். அடிக்கட்டையில் சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு. கழகத்தார் பவளத்துண்டுகளை மாற்றிக்கொள்ளும் நாளில் நான் கொடுக்கும் துண்டுகளுக்கெல்லாம் நானே வைக்கும் அடையாளம் அது. பொட்டைச் சுற்றி மூன்று பெரிய குமிழ்கள். அன்று அவசரத்தில் எதையும் முக்கவில்லை. என் தொட்டியில் குமிழ் இருந்ததும் எனக்குத் தெரியும்.

காதெல்லாம் சுட்டது.

மார்லிஸ் தண்ணீர்ப் பை ஒன்றை நீட்டினார். உள்ளே ஒரு பச்சை நண்டு.

"இது அந்தப் பாசியத் தின்னுமாம். ரெண்டு வாங்கினேன். உங்க தொட்டியிலயும் பாசி இருக்கும்ல?"

சோம்பேறி என்று சொன்ன வாயால் நன்றி சொல்லவும் வரவில்லை. பையை மட்டும் வாங்கிக்கொண்டேன்.