போகச் சொல்லும் காபி

இந்தக் காலத்து ஆட்களுக்குத் துக்கம் விசாரிக்கக்கூடத் தெரியவில்லை. உட்காருவதற்கு முன்னால் மேஜைமேல் போனை வைத்துவிடுகிறார்கள், பேசுவது பதிவாக வேண்டுமாம். அதற்கப்புறம்தான் முகத்தை வாட்டமாக்கிக்கொள்கிறார்கள். இப்படி எத்தனை கூட்டம் வந்து போனது என்பதே கிழவர் ஹம்தியாவுக்கு மறந்துபோயிருந்தது.

போஸ்னியாவை ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்க்கலாமா என்று பார்க்க இந்தத் தடவை வந்திருந்தாள் ஒரு வெளிநாட்டு அம்மாள். இங்கே மனித உரிமை எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் கதவைத் திறப்பார்களாம். அவள் பேச்சை உள்ளூர் மொழியில் மாற்றிச் சொல்ல ஸெனிதா என்றொரு பெண். கூடவே நகராட்சி அதிகாரி த்ராஷ்கோ. கிழவன் என்ன உளறுவானோ என்ற கவலை அவனுக்கு.

ஹம்தியா வந்தவர்களுக்குக் காபி ஊற்றிவிட்டுப் பழைய கதையையே சொன்னார். போர் நடந்த கோடையில் மகன் நெர்மினை லாரியில் ஏற்றிப் போனார்கள். முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது, ஒரு எலும்புகூடக் கிடைக்கவில்லை. அடக்கம் செய்ய ஒதுக்கிய இடத்தில் புல்தான் வளர்கிறது. லாரி ஓட்டிய மிலென்கோ கீழே ஊருக்குள் மரம் அறுக்கும் மில் வைத்திருக்கிறான். எங்கே இறக்கினான் என்று அவன் வாய் திறந்தால் போதும்.

அந்த அம்மாள் கண் கலங்கத்தான் கேட்டாள். காணாமல் போனவர்களின் குடும்பத்துக்கு உண்மை தெரிய வேண்டும், அது ஒன்றியத்தில் சேர ஒரு நிபந்தனை, அறிக்கையில் கட்டாயம் எழுதுவேன் என்றாள்.

"பொண்ணே, ஒண்ணே ஒண்ணு கேளு. கீழ போயி அந்த மிலென்கோகிட்ட, எங்கடா கொண்டுபோய்ப் போட்டேன்னு இந்தம்மா கேப்பாங்களா?"

பதில் நீளமாக வந்தது. ஸெனிதா சுருக்கினாள்.

"அது அவங்க வேலை இல்லையாம், பெரியப்பா. இங்க இருக்கற போலீசும் கோர்ட்டும்தான் கேக்கணுமாம். கேக்கலேன்னா கண்டிச்சு எழுதுவாங்களாம்."

"போன தடவை வந்தவங்களும் எழுதினாங்க."

த்ராஷ்கோ குறுக்கே புகுந்தான். "முதல்ல நம்மள சேத்துக்கட்டும், மாமா. அப்புறம் எல்லாம் தானா சரியாயிரும்."

"யாருக்குடா சரியாகும்? வாரம் தவறாம அவன் மில்லுல உக்காந்து பிராந்தி குடிக்கிற. நீயே கேட்டிருக்கலாமே."

த்ராஷ்கோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்த ஊர்ப்பக்கத்து வீடுகளில் விருந்தாளி வந்ததும் ஒரு காபி, பேச்சு வளர ஒன்று, கிளம்பலாம் என்று வாயால் சொல்லாமல் சொல்ல ஒன்று. ஹம்தியா நடுக்காபியை விட்டுவிட்டுக் கடைசிக் காபியைக் கொண்டுவந்து வைத்தார். ஸெனிதாவுக்குக் காது சிவந்துவிட்டது, பையை எடுத்தாள். த்ராஷ்கோ எழுந்தேவிட்டான். அந்த அம்மாள் மட்டும், இத்தனை துயரத்திலும் இப்படியொரு உபசாரமா என்று உருகி, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். ஒன்றியத்திடம் நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டாள்.

"எனக்குப் புல்லு அறுக்கற வேலை கிடக்கு" என்று ஹம்தியா எழுந்தார்.

செருப்பை மாட்டும்போது த்ராஷ்கோ பின்னாலேயே வந்து, இந்தத் தடவை நிஜமாகவே ஏதோ நடக்கும்போலத் தெரிகிறது என்றான்.

"நடந்தா வந்து சொல்லு."

காபி குடித்துக்கொண்டிருந்தவளை வீட்டிலேயே விட்டுவிட்டு, மேட்டுப் புல்வெளியைப் பார்க்க ஏறிப் போய்விட்டார்.